ஒற்றை வரிசை அக்காவுக்கு, இரட்டை வரிசை தம்பிக்கு

டிசம்பர் 3

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று மாலை நீ அத்தானைத் திட்டிய சத்தம் தோட்டத்தின் இந்தக் கோடி வரைக்கும் கேட்டது. அந்தக் குரலில் திட்ட முடிகிற ஆளுக்கு உடம்பில் ஒரு குறையும் இருக்க முடியாது. நானும் நலம். என் மனைவி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அது அவள் விருப்பம், என்னுடையது வெறும் கையெழுத்து.

நீ இனிமேல் என்னோடு பேசமாட்டேன் என்றாய். நானும் உன்னோடு பேசமாட்டேன் என்றேன். இரண்டு பேரும் சொன்ன சொல் தவறாத குடும்பத்தில் பிறந்துவிட்டதால் இப்படி எழுத வேண்டியிருக்கிறது. கடிதத்தை அத்தானிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் நின்று படித்துவிடுவார் என்று தெரியும். அத்தான், வணக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். இலை உதிர்ந்து முடிந்துவிட்டது. உன் மரங்களுக்குக் கீழே கிடந்த இலை, கருகிய சுள்ளி, கெட்டுப்போன காய் எல்லாவற்றையும் சுத்தமாகப் பெருக்கினாய். பாராட்டுகிறேன். பெருக்கி எங்கே கொண்டுவந்து நிறுத்தினாய்? வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே நாம் போட்டிருக்கும் சுண்ணாம்புக் கோட்டில். மறுபக்கம் நான் பெருக்கியதும் அதே கோட்டில்தான் வந்து நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னுடையது என் பக்கத்தோடு நிற்கிறது. உன்னுடையதுதான் காற்றடித்தால் கோட்டைத் தாண்டி வருகிறது. இப்போது ஒவ்வொரு சந்திலும் முழங்கால் உயரத்துக்குக் கரை கட்டியது மாதிரி குப்பை. உன் பங்கை நீ அள்ளிக்கொள். நீ அள்ளாமல் என் பங்கை நான் தொடமாட்டேன். தொட்டால் உன்னுடையதும் நாலு இலை கூட வந்துவிடும், அப்புறம் திருடிவிட்டேன் என்பாய்.

தோட்டத்தைப் பிரிக்க வந்த சர்வேயர் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாரும் நிலத்தை நடுவுல வெட்டி ஆளுக்குப் பாதின்னு எடுத்துக்குவாங்க. நீங்க ரெண்டு பேரும் சீப்புப் பல்லு மாதிரி பிரிக்கச் சொல்றீங்களே!" என்றார். என்ன செய்வது? கீழ்ப் பாதியில் மண் நன்றாக இருக்கிறது என்று உனக்குச் சந்தேகம், மேல் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர் அதிகம் கிடைக்கும் என்று எனக்குச் சந்தேகம். அதனால் உன் வீட்டு வாசலிலிருந்து எண்ணினால் ஒற்றைப்படை வரிசையெல்லாம் உனக்கு, இரட்டைப்படையெல்லாம் எனக்கு. என் வாசலுக்கு எதிரே வருவது என் வரிசை. அப்பா இரண்டு ஜாதி வாதுமையை மாற்றி மாற்றி நட்டுவைத்திருந்தார் என்பது அப்போது நம் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. முன்னால் பூக்கும் ஜாதி முழுக்க என்னிடம் வந்துவிட்டது, பின்னால் பூக்கும் ஜாதி முழுக்க உன்னிடம்.

அறுவடையின்போது உன் காய்கள் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருந்தன. நீ வேலையாட்கள் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னது இது: "உன் மரம் செத்தாத்தான்டா என் மரம் பிழைக்கும்!" நான் யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. மரம் வெட்டும் கான்ட்ராக்டரிடம் பேசிவிட்டேன். என் வரிசைகள் மொத்தத்தையும் பூத்து முடிவதற்குள் எடுத்துவிடுவார். அப்புறம் நீயும் உன் மரங்களும் நிம்மதியாக இருங்கள்.

இது கோபத்தில் எடுத்த முடிவு அல்ல. கோபத்தில் எடுத்த முடிவு வேறொன்று இருந்தது, அதை என் மனைவி தடுத்துவிட்டாள்.

தம்பி


டிசம்பர் 6

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கொண்டுவந்தவர் மூக்கில் படிக்கிற கண்ணாடி இருந்தது. தபால் கொண்டு வருகிறவருக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்டேன். "பாதை சரியாத் தெரியலைம்மா" என்றார். அவர் முப்பது வருஷமாக நடக்கிற பாதை.

நீ கேட்டது திட்டு அல்ல. உன் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து, இங்கேயும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த மனிதரிடம் கேட்கப்பட்ட ஒரு சாதாரணக் கேள்வி.

மரத்தை வெட்டுவதானால் வெட்டு. உன் மரம், உன் இஷ்டம். நான் குறுக்கே வந்து நிற்கமாட்டேன். நான் கோபமாக இல்லை. கோபமாக இருந்தால் இந்தப் பேனா இந்நேரம் காகிதத்தைக் கிழித்திருக்கும்.

ஆனால் குப்பையைப் பற்றி நீ எழுதியதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மர நோய் பார்க்கும் அதிகாரி நேற்று வந்திருந்தார். சின்ன வயதுப் பெண், முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். சந்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தக் கரையை யாருங்க கட்டினது?"

"நாங்கதான். அந்தப் பக்கம் தம்பி குப்பை, இந்தப் பக்கம் என் குப்பை."

"எதுக்கும்மா?"

எதற்கு என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் ஒரு குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, "உதிர்ந்த இலை, கருகின சுள்ளி, கெட்ட காய், இதுலதாங்க பூஞ்சை குளிர்காலத்தைக் கழிக்கும். பூப்பூக்கிற நேரத்துல மழை பெஞ்சா இங்கேருந்துதான் கிளம்பிப் பூவுல போய் உட்காரும். நீங்க ரெண்டு பேரும் அதுக்கு மெத்தை போட்டு, போர்த்திவிட்டு, ரெண்டு பக்கமும் காவலுக்கு நிக்கறீங்க" என்றார். அதோடு விடவில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு, உன் மரத்து உச்சியில் போன வருஷத்துக் காய்கள் கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி, அதிலும் நோய் இருக்கிறது என்றார். உன் மரம்தான். என் மரத்திலும் கொஞ்சம் இருக்கிறது, அது வேறு விஷயம். உன் தண்ணீர் பீய்ச்சியை அவ்வளவு உயரத்துக்கு வைக்காதே, இலை நனைய நனையப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம் என்றும் சொல்லச் சொன்னார்.

என்ன செய்ய வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார். "ஒரே தோட்டம்தானேன்னு ஒண்ணுதாங்க எடுத்துட்டு வந்தேன்" என்றார். அவருக்கு நம்மைத் தெரியாது. ஸ்கேல் வைத்துச் சரிபாதியாக வெட்டிக் கீழ்ப் பாதியை இத்துடன் வைத்திருக்கிறேன். மேல் பாதியில் தலைப்பு இடத்தை அடைத்துக்கொண்டது, அதனால் உனக்குத்தான் இரண்டு வரி அதிகம். பின்னால் நான் ஏமாற்றியதாகச் சொல்லாதே.

அக்கா


டிசம்பர் 20

அக்காவுக்கு,

என் பாதித் தாள் "பூக்கள் விரியத் தொடங்கியதும்" என்று ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதெல்லாம் உன் பாதியில் இருக்கிறது. ஆக, உன் கணக்குப்படியே இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு வேலையே இல்லை. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நீ வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலை செய்கிறவரைப் பார்ப்பதே ஒரு வேலை என்று இப்போதுதான் தெரிகிறது, மாலையில் அலுப்பாக இருக்கிறது.

கருகிய கிளைகளை நீ வெட்டுவதைப் பார்த்தேன். நோய் தெரிகிற இடத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டு, நல்ல மரத்தில் வெட்ட வேண்டும். நீ நாலு விரல்தான் விடுகிறாய். உனக்கு எப்போதும் எதையும் தூக்கிப்போட மனசு வராது. நான் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. நீ ஏறுகிற ஏணியில் மூன்றாவது படி ஆடுகிறது. நீ விழுந்தால் எனக்கென்ன, ஏணி உடைந்துவிடும். அதனால் என் ஏணியை அத்தானிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பு. அத்தானை அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. அவர் எப்படியும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுகிறார். நீ சருகு எரிக்கிற புகை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம், நேற்று முதல் எங்கள் முன்னறையில்தான் படுக்கை.

கான்ட்ராக்டர் பிப்ரவரி முதல் வாரம் வருகிறார். முதல் வரிசையில் ஆரம்பித்து ஒன்று விட்டு ஒன்று என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். குழப்பம் வர வழியே இல்லை.

என் மரங்கள் போய்விட்டால் உன் பூவுக்கு மகரந்தம் எங்கிருந்து வரும் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் யோசித்து வைத்திருக்கிறேன். வேறு தோட்டத்திலிருந்து முன்னால் பூக்கும் ஜாதிக் கிளைகளை வெட்டிவந்து, வாளியில் தண்ணீர் ஊற்றி, உன் மரங்களுக்கு நடுவே ஆங்காங்கே வைத்துவிட்டால் போதும். அது மரத்தில் இருக்கிறதா வாளியில் இருக்கிறதா என்று தேனீ போய் விசாரிக்கவா போகிறது?

தம்பி


ஜனவரி 4

தம்பிக்கு,

உன் வாளித் திட்டத்தைத் தேனீக்காரரிடம் சொன்னேன். பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். பிறகு சொன்னார்: "நாலு மரத்துக்கு வாளி வைக்கலாம்மா. ஒரு தோட்டத்துக்கே வாளி வச்சா தண்ணி ஊத்த ஒரு படையே வேணும். தம்பி மரத்தை வெட்டிட்டா நான் எதுக்குப் பெட்டியைத் தூக்கிட்டு வரணும்? ஒரே ஜாதி மட்டும் இருந்தா தேனீ பறக்கும், காய் பிடிக்காது."

என் தோட்டம் என்ன ஹோட்டல் வரவேற்பறையா, மூலைக்கு மூலை வாளியில் பூ வைக்க?

காய் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். தோட்டத்தைக் கைமாற்றிவிட்டு மகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மாடியில் எனக்காக ஒரு அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறாள். பால்கனியில் ஒரு தொட்டிச் செடி வைத்துக்கொள்ளலாமாம். "உனக்குப் பொழுது போகும்மா" என்கிறாள். மண்ணில் ஆயுசு முழுக்க நின்றவளைப் பார்த்து, தொட்டியில் நில் என்கிறாள்.

நான் உன்னை வெட்டாதே என்று சொல்லவில்லை. தேனீக்காரர் சொன்னதையும் மகள் சொன்னதையும் எழுதினேன், அவ்வளவுதான்.

குப்பைக் கரையெல்லாம் எடுத்தாகிவிட்டது. உன் பங்கும் சேர்ந்து போய்விட்டது. எரித்தது போக மீதியைக் கிணற்றடிக்கு அப்பால் குழி தோண்டிப் போட்டு மூடிவிட்டேன். எது உன் இலை, எது என் இலை என்று பூஞ்சையே பிரித்துப் பார்க்கவில்லை, நான் எப்படிப் பார்ப்பது? உன் பங்கு வேண்டுமென்றால் மண்வெட்டியோடு வந்து தோண்டி எடுத்துக்கொள்.

ஏணி பலமாக இருக்கிறது. நன்றி என்று எழுதமாட்டேன். அது அப்பா வாங்கியது.

ஒரு சாண் விட்டுத்தான் வெட்டுகிறேன் இப்போது. நீ எழுதியதற்காக அல்ல.

உன் அத்தானை அனுப்பி வை. மருந்துக்கு நீல மயில்துத்தக் கரைசலும் சுண்ணாம்புக் கரைசலும் கலக்க வேண்டும், பீப்பாயைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. மொட்டு உப்புவதற்கு முன்னால் ஒரு தடவை அடிக்க வேண்டும் என்று என் பாதித் தாளில் இருக்கிறது. உன் மரத்துக்கும்தான். ஆனால் உன் பாதியில் அது இல்லையே, என்ன செய்வது?

அக்கா


ஜனவரி 15

அக்காவுக்கு,

இது புகார்க் கடிதம். அத்தான் இதைப் படிக்கும்போது தலை குனிந்து படிக்கவும். இதில் அவரும் ஒரு குற்றவாளி.

பல்வலிக்காக நான் டவுனுக்குப் போன நாளில் என் தோட்டத்துக்குள் அத்துமீறல் நடந்திருக்கிறது. கன்னம் வீங்கிப்போய்த் திரும்பி வந்து பார்த்தால், என் மரத்து உச்சிகளில் ஒட்டிக்கொண்டிருந்த கறுத்த காய் ஒன்றைக்கூடக் காணோம். கருகிய கிளைகள் ஒரு சாண் விட்டு வெட்டப்பட்டிருக்கின்றன. பட்டையிலும் மொட்டிலும் நீல நிறமாக மருந்து படிந்திருக்கிறது. என் மனைவியைக் கேட்டேன்.

"காத்துல விழுந்திருக்கும்" என்றாள்.

"காத்து மருந்தும் அடிச்சுதா?"

"அண்ணி அடிச்சது காத்துல வந்திருக்கும்."

என் கடைசி மரத்துக் கவட்டையில் கொக்கி வைத்த கம்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் காற்றில்தான் வந்திருக்க வேண்டும். அவள் இரண்டு கை விரல்களும் நீலமாக இருந்தன. அத்தானுக்கு மூக்கு நுனி நீலம். கண்ணாடியை நீலக் கையாலேயே தூக்கிவிட்டிருக்கிறார். உன்னை நான் பார்க்கவில்லை, ஆனால் நீ முழுக்க நீலமாக இருப்பாய் என்று நிச்சயமாகச் சொல்ல முடியும்.

நடுத்தர வயதைத் தாண்டிய மூன்று பேர் ஒரு பல்வலிக்காரன் இல்லாத நேரம் பார்த்து இப்படிச் செய்யலாமா? வெட்டப்போகிற மரத்துக்கு வைத்தியம் எதற்கு? நான் முடிவு செய்தது முடிவு செய்ததுதான். நீ சொன்னதைத்தான் நான் செய்கிறேன். நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கலவையில் சுண்ணாம்பு போதுமா என்று பார்த்தாயா? சும்மா கேட்கிறேன். ஒரு இரும்புக் கத்தியை முக்கிப் பார்த்திருக்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதாது, மரம் பொசுங்கிவிடும். உன் மரத்தைச் சொன்னேன். என்னுடையது எப்படியும் போகப்போகிறது.

தம்பி


ஜனவரி 24

தம்பிக்கு,

கத்தியை முக்கிப் பார்த்தோம். நிறம் ஏறவில்லை. உன் மனைவிதான் பார்த்தாள், உன்னைவிடக் கருத்தாகச் செய்தாள்.

இதை உட்கார்ந்து படி. அத்தான், நீங்களும் உட்காருங்கள்.

அதிகாரி நேற்று மறுபடி வந்தார். சந்தில் நடந்துகொண்டே, "உங்க தம்பி சௌக்கியமாம்மா? அறுவடை முடிஞ்சதும் ஆபீசுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டாரு. பதிலைப் பாதி கேட்டதும் தொப்பியை எடுத்துட்டுக் கிளம்பிட்டாரு" என்றார். என்ன கேள்வி என்றேன்.

"'முன்னால பூக்கிற என் மரத்துலேருந்துதான் அக்கா மரத்துக்குப் பரவுதா? என் மரம் இல்லேன்னா அக்கா மரம் பிழைச்சுக்குமா?'ன்னு கேட்டாரு. முன்னால பூக்கிறதுல மழை பட்டா நோய் முதல்ல அங்கதாங்க வரும்னு சொன்னேன். அவ்வளவுதான், எழுந்துட்டாரு."

அவரை அங்கேயே நிறுத்தினேன். மீதிப் பாதிப் பதில் என்ன என்று கேட்டேன். கேட்டதை உனக்கு எழுதுகிறேன். உன் மரத்தை வெட்டினாலும் என் மரத்துக்கு நோய் வரும். என் சுள்ளியிலிருந்தே வரும், அடுத்த தோட்டத்திலிருந்து காற்றில் வரும். வெட்டுவது வைத்தியமே இல்லை. பழைய காயையும் கருகிய கிளையையும் எடுத்து, பூக்கும் நேரத்தில் மழைக்கு முன்னால் இரண்டு ஜாதிக்கும் சேர்த்து மருந்து அடித்தால் அடக்கி வைக்கலாம். ஒருத்தர் அடித்து ஒருத்தர் விட்டால் இரண்டு பேரும் அடிக்காத மாதிரிதான்.

முட்டாளே, பாதிப் பதிலைக் கேட்டுவிட்டா ஒரு தோட்டத்தை வெட்டுவார்கள்? எனக்கு வீம்பு காட்டுவதற்காக வெட்டுகிறாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி நினைத்தபோதுகூட இவ்வளவு ஆத்திரம் வரவில்லை. எனக்காக வெட்டுகிறாய் என்று தெரிந்ததும் வருகிற ஆத்திரத்தில் எழுத்து ஒன்றும் நேராக நிற்கவில்லை.

அறுவடையன்று நான் சொன்னது வாய்தான் சொன்னது. கூடையில் பாதி காய் கெட்டுக் கிடந்தது, கண்ணில் பட்டவன் நீ. அதைப் போய் வேதவாக்காக எடுத்துக்கொண்டாயே! நான் இத்தனை வருஷத்தில் சொன்ன நல்லது எதையாவது அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாயா?

வெட்டாதே. நானேதான் சொல்கிறேன், தேனீக்காரர் சொல்லவில்லை.

அக்கா


ஜனவரி 29

அக்காவுக்கு,

அதிகாரி தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார். நான் பொதுவாகக் கேட்டேன். உலகத்தில் அக்கா என்றால் நீ ஒருத்திதானா?

கான்ட்ராக்டரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. நோய் இரண்டு பக்கமும் வரும் என்று அதிகாரி சொல்கிறார், சரி. என் பக்கம் இல்லாவிட்டால் கொஞ்சமாவது குறையுமா குறையாதா? அந்தக் கொஞ்சத்துக்கு நீ என்ன பதில் சொல்வாய்?

தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

உன் மரத்தில் மொட்டெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது. காலையில் பார்த்தாயா?

அக்கா


பிப்ரவரி 8

அக்காவுக்கு,

தொண்டை கட்டிவிட்டது. பேசுவதாக இருந்தாலும் இன்றைக்குப் பேச முடியாது. நேற்றுக் காலை நடந்தது வேறு மாதிரி பரவுவதற்குள் என் தரப்பை எழுதிவைக்கிறேன்.

நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ரம்பம் ஓடுகிற சத்தம் உன் பக்கத்திலிருந்து வந்தது. முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகுதான் உறைத்தது. லாரி நுழைகிற அளவுக்குப் பெரிய கேட் உன் வாசலில்தான் இருக்கிறது. "முதல் வரிசை, ஒன்று விட்டு ஒன்று" என்று கான்ட்ராக்டரிடம் சொன்னது நான்தான். எனக்கு முதல் வரிசை என் வாசலுக்கு எதிரே இருப்பது. அந்த மனிதருக்கு முதல் வரிசை அவர் லாரிக்கு எதிரே இருப்பது!

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒரு செருப்பு இன்னும் கிடைக்கவில்லை. நான் போய்ச் சேரும்போது ரம்பம் உன் முதல் மரத்துப் பட்டைக்குப் பக்கத்தில் போய்விட்டது. மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "இது எங்க அக்கா மரம்! தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!" என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தக்கூடியவன் என்று எனக்கே தெரியாது. அவர் மெஷினை அணைத்தார்.

"என்ன சார் நீங்க? பக்கத்து வரிசை பூத்துக் கிடக்கு. பூத்த மரத்தை எவனாவது வெட்டச் சொல்லுவானா? மொட்டையா நிக்கிறதைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன். அப்ப உங்க மரம் எது?"

இரண்டு கையும் மரத்தைச் சுற்றியிருந்ததால் முகவாயால் காட்டினேன். அவர் அடுத்த வரிசைக்கு நடந்தார். நீ கரண்டியோடு வெளியே வந்தது அப்போதுதான். என்னைப் பார்த்தாய், அவரைப் பார்த்தாய், நேராகப் போய் என் மரத்தைக் கட்டிக்கொண்டாய்.

"இது என் தம்பி மரம். இதையும் தொடக் கூடாது."

அவர் சந்தின் நடுவில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "உங்க மரத்தை அவங்க பிடிச்சிருக்காங்க, அவங்க மரத்தை நீங்க பிடிச்சிருக்கீங்க. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கய்யா" என்றார். அத்தான் எந்த வீட்டிலிருந்து வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. "அவங்க பேச மாட்டாங்க, எழுதித்தான் குடுப்பாங்க. தபால் நான்தான். முடிவு வர்ற வரைக்கும் நின்னீங்கன்னா உங்க லாரி துருப்பிடிச்சிடும், கிளம்புங்க" என்றார். கான்ட்ராக்டர் கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறமும் நாம் இரண்டு பேரும் மரத்தை விடவில்லை. நீ விட்டால் விடலாம் என்று நான் இருந்தேன். நீயும் அதே யோசனையில்தான் இருந்திருப்பாய். என் மனைவி வந்து உன் கையிலிருந்த கரண்டியை வாங்காவிட்டால் இன்னும் அங்கேதான் நின்றிருப்போம்.

அதிகாரியிடம் நான் கேட்டது உன்னைப் பற்றித்தான். நீ சொன்ன வார்த்தை எனக்குள் ஆறவே இல்லை. அதைவிட, உன் பூக்கள் கருகிப் பிசின் வடிந்து கொம்போடு ஒட்டிக்கொள்வதை வருஷா வருஷம் அடுத்த வரிசையில் நின்று பார்ப்பது ஆறவில்லை. என்னால் என்ன செய்ய முடியும்? என்னுடையதை எடுத்துவிட முடியும். அது ஒன்றுதான் தோன்றியது.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

படித்தேன். உன் அத்தானும் படித்தார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். எனக்காக ஒன்றை விட்டுக்கொடு என்றால் உடனே கொடுத்துவிடுவாய். என்னோடு சேர்ந்து ஒன்றைச் செய் என்றால்தான் உனக்குக் கசக்கும். எனக்கும் அதே ரத்தம்தான், உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். உன் மரத்தைக் கொடுத்துவிட்டு நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நான் பிழைக்க மாட்டேன். என் மரங்களும் பிழைக்காது. எனக்கு நீ வேண்டும்டா.

அதிகாரி போன் செய்தார். நாளை மறுநாள் மழையாம். பூ விரிந்திருக்கும்போது வருகிற மழை. அதற்கு முன்னால் பூக்காலத்து மருந்தை எல்லா வரிசைக்கும் அடித்தாக வேண்டும், ஒரு வரிசைகூட விடக் கூடாது என்றார். தேனீக்காரர் பெட்டிகளை இறக்கிவிட்டார். தேனீ கூட்டுக்குத் திரும்புகிற வரைக்கும் மருந்தைத் தொடக் கூடாது என்று மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஆக, நமக்கு இருப்பது நாளை ஒரு சாயங்காலம்தான்.

என் ஒருத்தியால் முடிக்க முடியாது. உன் ஒருத்தனாலும் முடிக்க முடியாது. மருந்தடிக்கிற மெஷின் தோளில் ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. நீ மெஷினைத் தூக்கிக்கொள், குழாயை நான் பிடிக்கிறேன். உன் மனைவி மருந்து கலக்கட்டும். உன் அத்தான் தண்ணீர் கொண்டு வரட்டும், அவருக்கு இரண்டு பக்கமும் நடந்து பழக்கம்.

பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மெஷின் ஓடும்போது எப்படியும் ஒன்றும் கேட்காது.

வெயில் இறங்கியதும் வந்துவிடு. உன் வரிசையில் ஆரம்பிக்கலாம். அதுதான் முன்னால் பூத்திருக்கிறது.

அக்கா